நாசரேத்து ஊரின் கிதாரும் அதைப் பேணும் முறையும்

ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே ஹல்லைன் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய கிதார் ஒன்று காப்பாற்றி வைக்கப்பட்டுள்ளது. 1818ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள், ஓபர்ன்டார்ஃப் ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் உதவிக் குருவாயிருந்த யோசேப் மோர், தாம் 1816இல் எழுதி வைத்திருந்த பாடல் ஒன்றைப் பள்ளியாசிரியர் பிரான்ஸ் குரூபரிடம் கொடுத்து இசையமைக்கச் சொன்னார். அன்றிரவே இருவரும் அதைப் பாடினர். மோர் கிதாரை மீட்டினார். உலகெங்கும் கிறிஸ்மஸ் இரவில் பாடப்படும் 'சைலன்ட் நைட்' என்னும் பாடலின் பிறப்பு அதுவே. ஆலயத்து ஆர்கனை எலிகள் கடித்துவிட்டமையால்தான் கிதார் வேண்டியதாயிற்று என்னும் கதையை நம்மில் பலர் கிறிஸ்மஸ் செய்தியில் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் 1854இல் குரூபர் தம் கைப்பட எழுதி வைத்த குறிப்பில் எலியும் இல்லை, பழுதுபட்ட ஆர்கனும் இல்லை. அது பிற்காலத்தார் சேர்த்த கதையாகும்.

அப்பாடலைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்தக் கிதார் இன்றும் இருக்கிறது என்பதே நம் சிந்தனைக்குரிய செய்தி. மேற்பலகையின் கனம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாயுள்ள ஒரு மரப்பெட்டி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. நம் சேகரங்களிலோ, நன்கொடையாக வந்த கிதார் ஐந்து ஆண்டு தாண்டுவது அரிதாயிருக்கிறது. ஆலயங்களின் வெஸ்ட்ரி அறைகளைத் திறந்து பார்ப்போர், பழைய காணிக்கைப் பைகளுக்கும் உடைந்த மைக் தாங்கிகளுக்கும் நடுவே கழுத்து வளைந்த கிதார் ஒன்றைக் காணாமற் போவதில்லை. இந்த வேறுபாடு எதனால் நேர்ந்தது?

இதை நான் வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தால் கேட்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் சேகரகுருவாகப் பணியாற்றிய ஓர் ஊரில், இளவயதில் மரித்த மகனின் நினைவாக ஒரு குடும்பத்தார் அவன் வாசித்த கிதாரை ஆலயத்திற்குக் கொடுத்தனர். நான் அதைப் பெற்றுக்கொண்டு, ஜெபித்து, வாலிபர் சங்கத்தாரிடம் ஒப்படைத்தேன். அதன் பின் அதைப் பற்றி நினைக்கவில்லை. மூன்றாம் ஆண்டு அறுப்பின் பண்டிகைக்காகப் பொருள்களை எடுக்க வெஸ்ட்ரி அறைக்கு வந்த அந்தத் தாய், பீரோவின் மேல் கிடந்த கிதாரைக் கண்டார். குதிரை பெயர்ந்து, தந்திகள் சுருண்டு, மேற்பலகை ஓரிடத்தில் பிளந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்து, கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார். கிதாரின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வேறொரு நாசரேத்து

அவ்வாறு படிக்கையில் நான் எதிர்பாராத வகையில் திருச்சபை வரலாற்றுக்குள்ளேயே வந்து சேர்ந்தேன். எஃகுத் தந்தி பூட்டிய இன்றைய கிதார் பெரும்பாலும் உருவான இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள நாசரேத்து என்னும் ஊர். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை அறிந்த நம் வாசகர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா. 1740இல் பேர்பெற்ற நற்செய்தியாளர் ஜார்ஜ் ஒயிட்பீல்டு அங்கே 5000 ஏக்கர் நிலம் வாங்கி, கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி கட்டத் திட்டமிட்டார். கட்டட வேலைக்கு மொரேவியச் சகோதரர்களை அமர்த்தினார். முன்குறித்தல் கோட்பாட்டைப் பற்றி அவருக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம் எழுந்தது. அவர்களை வெளியேறும்படி சொன்னார். அடுத்த ஆண்டே பணமுடையால் அதே நிலத்தை அச்சகோதரர்களுக்கே விற்க நேர்ந்தது. இறையியல் வாக்குவாதத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் அந்த நிலத்துக்கே உரிமையாளராய்த் திரும்பி வந்த நிகழ்ச்சி திருச்சபை வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

மொரேவியர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து 'சகோதரர் தோட்டம்' என்னும் குடியிருப்பை அமைத்து, சில பத்தாண்டுகள் உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் சென்ற இடமெல்லாம் இசைக்கருவிகளும் சென்றன. அவர்கள் இசையை ஆராதனையின் அலங்காரமாக எண்ணவில்லை. ஒருவர் மரித்தால் ஊருக்கு அறிவிப்பதுகூடத் துராம்போன் குழுவின் வேலையாயிருந்தது. பென்சில்வேனியாவில் பிறந்த ஜான் ஆண்டஸ் என்னும் மொரேவியர் 1759இல் செய்த வயலின், அந்நாட்டில் செய்யப்பட்டவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று. இன்றும் நாசரேத்து ஊரில் காக்கப்படுகிறது. அவர் பின்னர் எகிப்துக்கு மிஷனெரியாகச் சென்று, அங்கே ஓர் அதிகாரியின் ஆட்களிடம் உள்ளங்காலில் அடிபட்டு நெடுநாள் துன்புற்றார். மூன்று கருவிகளுக்கான இசைப்படைப்புகளையும் அந்நாட்டில் இருந்தபோது இயற்றினார். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நாம் கிதாருக்குத் திரும்புவோம்.

கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டின் 1796இல் செர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நாய்கிர்ஹென் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் மேசை, பேழை முதலியன செய்யும் தச்சர், கிதாரும் செய்தவர். மகன் வியன்னாவுக்குச் சென்று, கிதார் செய்வதில் பெரும்புகழ் பெற்றிருந்த யோகான் கியோர்க் ஸ்டாவ்ஃபரிடம் தொழில் பயின்று திரும்பினார். ஊரில் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. வயலின் செய்வோர் சங்கத்தார், இசைக்கருவி செய்யும் உரிமை தங்களுக்கே உண்டென்றும், மரத்தச்சர் கிதாரைத் தொடலாகாது என்றும் வழக்காடினர். 1826 முதல் 1832 வரை இழுத்த அவ்வழக்கில் தச்சர் சங்கமே வென்றது. வென்ற பக்கத்தைச் சேர்ந்த மார்ட்டினோ 1833இல் குடும்பத்துடன் கப்பலேறி நியூயார்க் சென்றுவிட்டார். வென்ற வழக்கும் மனத்தைக் கசக்கச் செய்யும் என்பதை நம் சபை நிர்வாகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் 196ஆம் எண் கடையில் ஐந்தாண்டுகள் தொழில் நடத்திய பின், நாசரேத்துப் பகுதியில் முன்னரே குடியேறியிருந்த நண்பர் ஷாட்ஸைத் தொடர்ந்து, 1839இல் அவரும் அங்குச் சென்றார். அக்காலத்தில் அவ்வூருக்குள் நிலம் உடையவராயிருக்க மொரேவிய சபையில் உறுப்பினராயிருத்தல் வேண்டும். ஆகவே ஊரெல்லைக்குச் சற்று வெளியே, செர்ரி ஹில் என்னும் இடத்தில் வீடு வாங்கினார். அக்கட்டுப்பாடு நீங்கிய பின், 1859இல் ஊருக்குள்ளே தொழிற்கூடம் எழும்பியது. நாசரேத்தில் ஒரு தச்சர் என்றதும் வாசகரின் எண்ணம் எங்குச் செல்லும் என்பது தெரிந்ததே. ஆயினும் அவ்வொப்புமையை நான் இங்கே நீட்டப் போவதில்லை.

மார்ட்டின் தம் கிதார்களை மரத்தால் செய்த ஒடுக்கமான பெட்டிகளில் வைத்து விற்றார். அவற்றின் உருவத்தைப் பார்த்து மக்கள் அவற்றைச் 'சவப்பெட்டி உறை' என்றே அழைத்தனர். பெயர் நன்றாயில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மார்ட்டின் கிதார்கள் இன்று காட்சிச்சாலைகளில் கிடைப்பதற்கு அப்பெட்டியே பெருங்காரணம். வாசித்து முடித்ததும் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடுதல் என்னும் எளிய பழக்கம், வேறெந்தப் பராமரிப்பையும் விட அதிகக் கிதார்களைக் காத்திருக்கிறது.

மரமும் ஈரமும்

கிதாரைப் பேணுவது ஏன் கடினம் என்பதை அறிய, அதன் உள்ளமைப்பைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. வெட்டி உலர்த்தி எத்தனை ஆண்டு ஆனாலும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. ஈரம் ஏறினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அவ்விரிவும் சுருக்கமும் நாரின் குறுக்கே நிகழ்கின்றனவேயன்றி, நாரின் நீளவாட்டில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. மெல்லிய பலகை தந்தியின் இழுவிசையைத் தாங்குவதற்காக அதன் அடியில் தாங்குசட்டங்கள் ஒட்டப்படுகின்றன. அவை பலகையின் நாருக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ செல்கின்றன. வறட்சியில் பலகை சுருங்க முயல்கிறது. சட்டம் இடங்கொடுக்க மறுக்கிறது. இரண்டில் வலுவற்றது பலகையாகையால் அது பிளக்கிறது.

1840களின் தொடக்கத்தில் மார்ட்டினின் கிதார்களில் புதிய அமைப்பொன்று காணப்படுகிறது. பெருக்கற்குறி போல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு முதன்மைச் சட்டங்கள் பலகையின் அடியில் ஒட்டப்பட்டன. 1843ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் கிதார் ஒன்றில் இவ்வமைப்பு உள்ளது. அந்நாளில் தந்திகள் ஆட்டுக்குடலினால் ஆனவை. அவற்றின் இழுவிசை குறைவு. இத்துணை வலிமையான அமைப்பு அப்போது தேவைப்படவில்லை என்றே சொல்லலாம். தேவை பின்னர் வந்தது.

(நம் முன்னோர் யாழின் தந்தியை 'நரம்பு' என்றே குறித்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. குடல்நரம்பும் காற்றின் ஈரத்திற்கேற்பத் தளர்ந்தும் இறுகியும் மாறும். ஆகவே அக்காலத்து வாசிப்போன் நாளும் பலமுறை பிரடையைத் திருகிச் சுருதி சேர்ப்பவனாகவே இருந்தான். கருவியின் மேல் அவன் கண் எப்போதும் இருந்தது. எஃகுத் தந்தி வந்ததும் அந்தக் கண் விலகியது.)

கிதார் செய்வோர் பொதுவாகப் பரிந்துரைப்பது 45 முதல் 55 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும், 22 முதல் 25 டிகிரி வெப்பமும் ஆகும். இது நாசரேத்து ஊரிலேயே இயல்பாகக் கிடைப்பதன்று. அங்கே பனிக்காலத்தில் வீடுகளுக்குள் கணப்பு மூட்டுவதால் அறையின் காற்று மிகவும் உலர்ந்துபோகும். கிதார்களில் பிளவு உண்டாவது பெரும்பாலும் அப்பருவத்தில்தான். எனவேதான் மேலைநாட்டார் எழுதும் குறிப்புகளில், கிதாருக்குள் ஈரப்பஞ்சு வைக்கும்படி திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதைப் படித்துவிட்டுச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ நவம்பர் மாதத்தில் ஈரப்பஞ்சு வைப்பவர், வெள்ளத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவருக்கு ஒப்பாவார். ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அப்போது மேற்பலகை உப்பி எழும். தந்திகள் மெட்டுகளுக்கு மேலே உயர்ந்து விரல் அழுத்த இயலாமற்போகும். உள்ளே பசை இளகிச் சட்டங்கள் பெயரும். நமக்கு வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா உப்புப் பைகளே. அவற்றையும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். ஒருமுறை போட்டு மறந்துவிட்டால் பயனில்லை. மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் அக்கினி நட்சத்திர நாள்களின் பிற்பகல் நேர்மாறானது. அங்கே வறட்சிக்கு அஞ்ச வேண்டும். குளிரூட்டிய அறையில் ஞாயிறு முழுதும் இருந்துவிட்டு, மாலையில் மழைக்காற்றில் வெளியேறும் கிதார் ஒரே நாளில் இரு பருவங்களைக் காண்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால், ஊகத்திற்கு இடமின்றி உண்மை தெரிந்துவிடும்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பழைய பசையும், இன்றைய வெள்ளைப் பசையும் அந்த வெப்பத்தில் தளர்ந்துவிடும். ஊழியப் பயணத்தில் நண்பகல் உணவுக்காக ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துவோர், பெட்டியையும் கையோடு இறக்கிக்கொள்வது நலம்.

எஃகு கொண்டுவந்த சுமை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் உரத்த ஓசையை விரும்பினர். ஹவாய்த் தீவு இசையின் மோகமும் பேஞ்சோ, மண்டலின் ஆகியவற்றின் போட்டியும் கிதாரை எஃகுத் தந்தியின் பக்கம் தள்ளின. 1922இல் மார்ட்டின் தொழிற்கூடம் எஃகுத் தந்திக்கென்றே அமைந்த கிதாரைத் தன் வழக்கமான வகைகளுள் சேர்த்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எஃகே பொது வழக்காயிற்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் குடல்நரம்புக்கென அமைத்த பெருக்கற்குறிச் சட்டங்கள் இப்போது தம் முழுப் பயனைக் காட்டின. இன்றைய கணக்கில், நைலான் தந்தி ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. மெல்லிய எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கு மேல். நன்கு வளர்ந்த ஓர் ஆள் குதிரையின் மேல் இரவும் பகலும் தொங்குவதற்கு இது சமம்.

வாசிப்போர் அதனோடும் நிறைவடையவில்லை. இன்னும் உரத்து ஒலிக்க வேண்டுமென்று மேலும் தடித்த தந்திகளைப் பூட்டினர். பலகைகள் புடைத்தன, பழுதுபட்ட கிதார்கள் நாசரேத்துக்குத் திரும்பி வரத் தொடங்கின. அதுவரை மார்ட்டினின் கைவினைஞர் தாங்குசட்டங்களின் இடைப்பகுதியைக் குடைந்து மெலிதாக்கி வந்தனர். அதனால் பலகை தடையின்றி அதிர்ந்து இனிய ஓசை தந்தது. 1944இன் இறுதியில் அந்தக் குடைவை நிறுத்திவிட்டனர். குதிரைக்கு அடியில் உள்ள தாங்குதகடு முன்பு சிறிய மேப்பிள் துண்டாயிருந்தது; 1960களின் இறுதியில் அது பெரிய ரோஸ்வுட் தகடாக மாறியது. கிதார் வலுத்தது, குரல் மங்கியது. போருக்கு முற்பட்ட மார்ட்டின் கிதார்களைச் செல்வர்கள் இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்குவதற்குக் காரணம் இதுவே. குடைந்த சட்டங்கள் 1976இல் ஒரு புதிய வகையில் திரும்ப வந்தன. இடையில் முப்பதாண்டுக் காலம் கிதார்கள் தம் முழுக் குரலை இழந்தே பிறந்தன.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். சில வாசிப்போரின் அசட்டை அவரவர் கருவியைக் கெடுத்ததோடு நிற்கவில்லை. அவர்களுக்கு அஞ்சி, செய்வோன் எல்லாருக்கும் உரிய கருவியையே தடித்ததாகவும் மந்தமானதாகவும் செய்ய வேண்டியதாயிற்று. கவனமாய்ப் பேணியவனுக்கும் அந்தக் குரல் கிடைக்காமற் போயிற்று.

குடல்நரம்பின் கதை வேறுவிதமாய் முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் அறுவை மருத்துவத் தையலுக்குக் குடல்நூல் தேவைப்பட்டமையால் இசைக்குக் கிடைப்பது அரிதாயிற்று. ஆல்பர்ட் அகஸ்டீன் என்னும் நியூயார்க் கைவினைஞர், ஸ்பானியக் கிதார் மேதை செகோவியாவின் ஊக்கத்துடன் 1940களில் நைலான் தந்தியை உருவாக்கினார். அன்றுமுதல் கிதார் இரு குலங்களாகப் பிரிந்தது: அகன்ற கழுத்தும் மெல்லிய சட்டங்களும் கொண்ட நைலான் கிதார், குறுகிய கழுத்தும் பெருக்கற்குறிச் சட்டமும் கொண்ட எஃகுக் கிதார். இரண்டையும் ஒன்றென எண்ணுவதே நம் சபைகளில் நிகழும் பெரும்பிழை. நைலான் தந்தி அறுந்ததும் கடைக்காரர் கொடுத்த எஃகுத் தந்தியைப் பூட்டிவிடுகிறோம். 40 கிலோ தாங்கச் செய்த பலகை 70 கிலோவைத் தாங்குமா? சில வாரங்களில் குதிரை பெயர்ந்துவிடும்.

பீரோவின் மேல் கிடந்த அந்தக் கிதாருக்கும் அதுவே நேர்ந்தது. வாலிபர்கள்மேல் குற்றமில்லை. அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லும் பொறுப்பிலிருந்த எனக்கும் தெரியாது. வேறுபாட்டை அறிவது கடினமன்று. நைலான் கிதாரில் குதிரையின் மேல் தந்தி முடிச்சிட்டுக் கட்டப்படும். எஃகுக் கிதாரில் தந்தியின் முனையிலுள்ள குண்டு குதிரைத் துளைக்குள் இறங்கிச் சிறு முளையால் அடைக்கப்படும்.

கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்தினுள் திருகி இறுக்கக்கூடிய எஃகுக் கம்பியை வைக்கும் முறைக்கு 1923இல் கிப்சன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர். மார்ட்டின் நிறுவனம் 1985 வரை அதை ஏற்கவில்லை. இன்று பெரும்பாலான எஃகுக் கிதார்களில் அக்கம்பி உண்டு. அது கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கானது; தந்தியின் உயரத்தைக் குறைக்கும் கருவியாக அதைத் திருகுவோர் கழுத்தை முறித்துவிடுவர். கால்சுற்று திருகிவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது அறிந்தோர் வழக்கம். அறியாதோர் தொடாதிருப்பதே மேல். வாசிக்காத நாள்களில் தந்தியை முழுதும் தளர்த்த வேண்டுமா என்று மாணவர் கேட்பதுண்டு. வேண்டா. கழுத்து அந்த இழுவிசைக்கென்றே அமைக்கப்பட்டது. கோடை விடுமுறை போல் சில மாதங்கள் பூட்டி வைப்பதானால் ஒரு சுரம் அளவு தளர்த்தி வைத்தால் போதும்.

துடைக்கும் துணி

மேற்பூச்சைப் பற்றி நெடிதாய் எழுத வேண்டியதில்லை. 1920கள் வரை மார்ட்டின் கிதார்களுக்கு அரக்குப் பூச்சு. பின்னர் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இவையிரண்டும் சாராயப் பொருளுக்கு ஆற்றாதவை. 2020இல் கொரோனாத் தொற்று வந்த நாள்களில், கையில் கிருமிநாசினி தடவியவுடனே கிதாரை எடுத்தோர் பலர், பலகையின் பளபளப்புப் பிசுபிசுத்துப்போகக் கண்டனர். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி ஒன்றே போதுமானது. மேசைக்குப் பூசும் மெருகெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவை ஆகா. பூச்சில்லாத விரற்பலகைக்கு மட்டும் ஆண்டுக்கு ஓரிரு முறை, அதற்குரிய எண்ணெயைச் சில துளிகள் தடவித் துடைக்கலாம். ஒவ்வொரு முறை வாசித்த பின்னும் தந்திகளை மேலும் கீழும் துடைத்தால், வியர்வையின் உப்பால் விரைவில் துருவேறாது.

பழுதும் தேய்வும் ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிதாரைக் காட்டலாம். 1969இல் வாங்கிய மார்ட்டின் நைலான் கிதார் அது. விரலால் வாசிக்க வேண்டிய அதை அவர் வில்லையால் மீட்டி மீட்டி, மேற்பலகையில் ஒரு பெருந்துளையே விழுந்துவிட்டது. ஆயினும் ஆஸ்டின் நகரத்துக் கைவினைஞர் ஒருவர் காலந்தவறாமல் அதைப் பார்த்து, உட்சட்டங்களைச் செப்பனிட்டு வருவதால் அது பல்லாயிரம் மேடை கண்டது. தழும்புகள் உள்ள கருவி நன்றாய்ப் பேணப்பட்டதாயிருக்கலாம். புதிதாய் மின்னும் கருவி உள்ளே செத்திருக்கலாம்.

ஈட்டி மரம்

கிதாரின் முதுகும் பக்கங்களும் நம்மோடு நேரடித் தொடர்பு உடையவை. நூறாண்டுக்கு மேலாக மார்ட்டின் தொழிற்கூடம் தன் உயர்ந்த கிதார்களுக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தைப் பயன்படுத்தியது. 1960களின் இறுதியில் பிரேசில் அரசு உருட்டுமரமாக அதை ஏற்றுமதி செய்வதற்குத் தடைவிதிக்கவே, 1969இல் அவர்கள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினர். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி. தோதகத்தி என்றும் கூறுவர். வயநாட்டிலும் நீலகிரியிலும் குடகிலும் வளர்ந்த மரம் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குச் சென்று, கிதாராக உலகெங்கும் பரவியது. உயர்ந்த மேலைநாட்டுக் கிதார் ஒன்றை மிஷனெரி நண்பர் நம் சபைக்குக் கொடுக்கும்போது, அதன் பாதி பெரும்பாலும் நம் மலையிலிருந்து போனதே.

ஈட்டி விரைந்து வளர்வதன்று. கிதாருக்கு உதவும் பருமன் வருவதற்குத் தலைமுறைகள் ஆகும். தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சொந்த நிலத்து மரமாயினும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பது அதன் சாரமாயிருந்தது. பிரேசில் ரோஸ்வுட்டின் வாணிகம் 1992 முதல் உலக உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டது. 2017 சனவரி முதல் ஈட்டி உள்ளிட்ட அந்தக் குடும்பத்து மரங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசைவாணர் தம் கிதாருடன் எல்லை கடக்கவும் கிதார் வணிகர் விற்கவும் பெருந்தொல்லை ஏற்பட்டமையால், 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே பழுதானதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாம் என்னும் எண்ணத்திற்கு மலையில் ஒரு விலை உண்டு. மார்ட்டின் நிறுவனம் 2004இல் தன் பத்து இலட்சமாவது கிதாரைச் செய்து முடித்தது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழங்கருவிகளும் பாதுகாப்பான இடத்தில் இருப்பதாய் நினைக்க இயலாது. 2015இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றுக்காக, 1870களில் செய்த கிதாரை மார்ட்டின் காட்சிச்சாலையார் இரவலாகக் கொடுத்தனர். காட்சியில் உடைப்பதற்கெனப் போலிகள் செய்து வைக்கப்பட்டிருந்தன. மாற்றும் நேரம் எதுவென்று நடிகருக்குச் சொல்லப்படாமையால், அவர் உண்மையான கிதாரையே தூணில் அடித்து நொறுக்கிவிட்டார். 140 ஆண்டுகள் பெட்டியிலும் பேழையிலும் காக்கப்பட்டது ஒரு நொடியில் போயிற்று. இனித் திரைப்படங்களுக்கு இரவல் இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. காப்பீட்டுப் பணம் வந்தது, கிதார் வரவில்லை. ஒருவர் மற்றொருவரிடம் சொல்ல வேண்டிய ஒரு சொல் சொல்லப்படாமற் போனதே காரணம் என்னும்போது, எனக்கு எங்கள் வெஸ்ட்ரி அறை நினைவுக்கு வருகிறது.

அந்தத் தாய் வந்துபோன பின், நான் கிதாரை நகரத்தில் வீணை பழுதுபார்க்கும் ஆசாரி ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பலகையை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். உள்ளே சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்தார். இரண்டு சட்டங்கள் பெயர்ந்திருப்பதைக் காட்டினார். பிளவின் அடியில் மெல்லிய மரத்துண்டு ஒட்டி, குதிரையைத் திரும்பப் பொருத்தி, நைலான் தந்தி பூட்டித் தர ஆறு வாரம் ஆயிற்று. பிளவின் தழும்பு தெரியத்தான் செய்தது. ஒரு பெட்டியும் வாங்கினோம். பெட்டி மூடியின் உட்புறத்தில், 'நைலான் தந்தி மட்டும்' என்றும், பையனின் பெயரும், கொடுத்த ஆண்டும் எழுதி ஒட்டினேன். யார் எடுத்தார், யார் திரும்ப வைத்தார் என்பதைக் குறிக்க ஒரு நாற்பது பக்க நோட்டையும் பெட்டியில் வைத்தோம். நான் மாற்றலாகிப் போகும்போது அந்த நோட்டு நிறைந்து, இரண்டாம் நோட்டு தொடங்கியிருந்தது. அதன் முதல் பக்கத்தில் அந்தத் தாயின் கையெழுத்து இருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுத்துச் சென்று, மாலையில் திருப்பி வைத்ததாக எழுதியிருந்தார்.